உப்பளம் வரை நீண்ட வீடு

கோரைத்தரவையில் மழை எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்த காலத்தில், ஊரின் மேற்குக் கோடியில் வீடும் கிழக்குக் கோடியில் கடல் ஓடையை ஒட்டி உப்பளமும் வைத்திருந்த சொர்ணவேலுக்கு, தன் தம்பி தவசி தன் தெப்பத்திலிருந்து நீரைத் திருடுகிறான் என்று ஒரு சந்தேகம் வந்தது. தெப்பம் என்பது கிணற்று நீரை இறைத்து நிரப்பி, நாள்கணக்கில் வெயிலில் போட்டுத் தடிப்பேற்றுகிற குளம்; அங்கே கனத்த நீரைத்தான் பாத்திகளில் விட்டு உப்பாக்குவார்கள்; ஆகவே தெப்பத்து நீரைத் திருடுகிறவன் உப்பைத் திருடுகிறவன்தான், உப்பாவதற்கு முன்பே திருடுகிறான் என்பது ஒன்றுதான் வித்தியாசம். சொர்ணவேல் தெப்பத்தின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, நீர்மட்டத்தில் கரியால் கோடு போட்டுவிட்டு வருவார். மறுநாள் போய்ப் பார்த்தால் நீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். வெயில் குடித்திருக்கும் என்று முதலில் நினைத்தார், காற்று குடித்திருக்கும் என்று பிறகு நினைத்தார், வெயிலும் காற்றும் தன் தெப்பத்தை மட்டும் குடித்துவிட்டு வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் பாத்தியை ஏன் ஈரமாகவே விட்டுவைக்கின்றன என்று அதற்கும் பிறகு நினைத்தார், அதன்பின் வேறெதையும் நினைக்க அவரால் முடியவில்லை.

அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று ஒன்று நடந்ததில்லை. அப்பா செத்ததும் அளத்தின் நடுவே ஒரு வரப்பைப் போட்டு, பழைய தெப்பமும் அதை ஒட்டிய பாத்திகளும் மூத்தவருக்கு, புதிய பாத்திகள் இளையவனுக்கு என்று பேசி முடித்தார்கள். பேசி முடித்த அன்றைக்கே இருவருக்கும் பேச்சும் முடிந்துபோயிற்று. பாகம் பிரிந்தவர்கள் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் கூப்பிடாமல் காலெடுத்து வைப்பதில்லை என்பது அந்த ஊர் வழக்கம். கூப்பிடுவதற்கு யாராவது ஒருவர் முதலில் வாய் திறக்க வேண்டும், இருவருமே திறக்கவில்லை. பெண்கள் இரண்டு பேர் மட்டும், சொர்ணவேலின் மனைவி சந்திரகனியும் தவசியின் மனைவி பாக்கியத்தாயும், குழாயடியில் பார்த்துக்கொண்டால் புருஷன்மார் கதையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொள்வார்கள்.

திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க சொர்ணவேல் ஒரு கேமரா வாங்கினார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, கேமரா கண்டதைக் கைபேசிக்கு அனுப்ப வேண்டுமானால் அதற்கு இணையம் வேண்டும், கடல் ஓடைப் பக்கத்துக்குச் செல்போன் கோபுரத்தின் கை எட்டாது, அவர் வீட்டு வைஃபையோ வாசல் வேப்பமரம் வரைக்கும் போய் மூச்சு வாங்கி நின்றுவிடும் என்பதெல்லாம். கேபிள் கடை நெல்சனைக் கூட்டிவந்தார். நெல்சன் மொட்டைமாடியில் ஏறிக் கண்ணைச் சுருக்கிக் கிழக்கே பார்த்துவிட்டு, சிக்னலை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குத் தூக்கிக் கொடுத்தால் அளம் வரைக்கும் கொண்டுபோய்விடலாம், ஆனால் நடுவில் கரண்டு இருக்கிற ஓர் உயரமான இடம் வேண்டும் என்றான். அளத்துக்குப் போகிற பாதையில் அப்படி இருந்தது ஒரே ஒரு மாடிதான், பாத்திகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஊரின் கடைசி வீடாக நின்ற தவசியின் வீட்டு மாடி.

இரண்டு நாள் சொர்ணவேல் சோறு தின்னாமல் யோசித்தார். மூன்றாம் நாள் சந்திரகனி குழாயடியில் பாக்கியத்தாயிடம் கேட்டாள், பாக்கியத்தாய் வீட்டில் கேட்டாள், தவசி, வைத்துக்கொள்ளச் சொல், மாடி சும்மாதானே கிடக்கிறது என்று சொல்லிவிட்டான். எதற்கு என்றுகூட அவன் கேட்கவில்லை. எதற்கென்று கேட்காமல் ஒருவன் சரி என்பானா, கேட்காமலே தெரிந்திருந்தால் ஒழிய, என்று சொர்ணவேல் அன்றைக்கும் சரியாகச் சாப்பிடவில்லை.

மாசி மாதத்தில் பெட்டிகள் ஏறின. ஒன்று சொர்ணவேலின் மாடியில், ஒன்று தவசியின் மாடியில், ஒன்று அளத்து மோட்டார் கொட்டகையின் உச்சியில், அதன் பக்கத்திலேயே ஒரு கம்பத்தில் கேமரா. யாரும் கண்டுபிடிக்கக்கூடாதென்று அப்பா வைத்திருந்த வண்டிமாட்டின் பெயரைப் பாஸ்வேர்டாகப் போட்டார் சொர்ணவேல்; சாயங்காலத்துக்குள் தவசியின் பிள்ளைகள் அதில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்திரைக் கடைசியில் ஒரு மத்தியானம் மழை வந்தது. உப்பு விளைந்து நிற்கிற நேரத்தில் வருகிற கோடை மழையைப்போல அந்த ஊருக்கு வேறு பகை கிடையாது. அளத்துக்காரர்கள் எல்லாரும் வானத்தை வைதுகொண்டே உப்பு வாருகிற பலகையும் கூடையுமாக ஓடினார்கள், ஓடிப் பயனில்லை, அரை மணிக்குள் வெள்ளைப் பாத்திகளெல்லாம் கஞ்சித்தண்ணீராகக் கலங்கிப்போயின. சொர்ணவேலின் அளத்தில் மட்டும் ஒரு துளி விழவில்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தபோது அவர்கள் தலைக்கு மேலே மேகம் இருந்தது, மேகத்திலிருந்து மழை இறங்கியது, இறங்கிய மழை பனை உயரத்தில் ஏதோ ஓட்டின்மேல் விழுந்ததுபோலச் சரிந்து ஓடி, தூரத்தில் ஓர் ஓரமாகத் தாரை தாரையாக வடிந்தது. சொர்ணவேலின் வீட்டிலிருந்து தவசியின் வீட்டுக்கும், அங்கிருந்து அளத்துக்கும், நடுவில் கிடந்த வண்டிப்பாதைக்கும், வரப்பைத் தாண்டித் தவசியின் பாத்திகளில் பாதிக்கும் அப்படியே. காற்று தணிந்திருந்தது. யாரோ தும்மினால் அறைக்குள் தும்மியதுபோலத் திரும்ப ஒலித்தது. வெயில் மட்டும், மழை விட்டதும், ஜன்னல் வழியாக வருகிற மாதிரி வழக்கம்போல உள்ளே வந்து விழுந்தது.

ஊர் கூடி நின்று இது என்ன என்று கேட்டபோது, அரிசி களைந்துகொண்டிருந்த சந்திரகனி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டிகளையும் பாதையையும் வடிகிற ஓரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்:

"வீட்டுக்குள்ள எப்படி மழை பெய்யும்?"

அதற்கப்புறம் யாரும் காரணம் கேட்கவில்லை. சிக்னல் போகிற தூரம் வரைக்கும் வீடு போயிருக்கிறது, வீட்டுக்குள் மழை பெய்யாது, அவ்வளவுதான். கேட்பதற்கு வேறு நிறைய இருந்தது. செருப்பு, உதாரணமாக. அளத்துக்குப் போகிறவர்கள் வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போக ஆரம்பித்தார்கள். வேப்பமரத்தடியில் ஊர்ச் செருப்பெல்லாம் குவிந்தது. நாய்கள் சோடிக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போயின. அதில் வந்த சண்டையைத் தீர்க்கவே ஊர்க்கூட்டம் இரண்டுமுறை கூடியது. மினிபஸ் அந்தப் பாதையை ஓரிடத்தில் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. டிரைவர் அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, அடுத்தவர் வீட்டுக்குள் ஹாரன் அடிப்பது எப்படி என்று கூச்சப்பட்டு, தலையை வெளியே நீட்டி வழிவிடச் சொல்லிக் கையால் கேட்டுக்கொண்டே கடந்தார். வீட்டுப் பல்லிகள் அளம் வரைக்கும் போய்க் கொட்டகைச் சுவரில் குடியேறின. திறந்த வெளியில் பல்லி சொல்லுவதைக் கேட்டு உப்பு வாருகிற பெண்கள் நல்ல சகுனம், கெட்ட சகுனம் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

சந்திரகனிக்குத்தான் வேலை கூடிப்போயிற்று. வாசல் இப்போது அளத்தின் கடைசியில் இருந்தது. விடிந்ததும் வாளியும் கோலப்பொடியுமாக அவள் அங்கே நடந்தாள், கோலம் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் உலையில் வைத்தது குழைந்துவிடும். என் வீட்டுக்குள் நிற்கிறவர்கள் மத்தியானம் பசியோடு நிற்கக்கூடாது என்று அவள் ஒரு பெரிய பானையில் மோர்ச்சோறு கரைத்து அனுப்பத் தொடங்கினாள், சொர்ணவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, விருந்தாளிக்குச் சோறு போடாத வீட்டில் தன்னைக் கட்டிக்கொடுக்கவில்லை என்று அவர் வாயை அடைத்தாள். உப்பு வாருகிற பெண்களோ அதற்காக மகிழ்ந்துவிடவில்லை. அவர்களில் ஒருத்தி குழாயடியில் சொன்னது ஊரெல்லாம் சுற்றியது: "முந்தி வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போவோம். இப்ப மொதலாளி வீட்டுக்குள்ள இருந்து நம்ம வீட்டுக்குப் போவணும். மருமக மாதிரி ஆயிட்டு நம்ம பொழைப்பு, நிமிர்ந்தா ஒரு கண்ணு, குனிஞ்சா ஒரு கண்ணு."

மழை வருகிற நாளில் ஊர்ப்பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, வீடு முடிகிற ஓரத்தில், இறவாரத்தில் வடிகிற தண்ணீரைப் பிடிப்பதுபோல வரிசையாக வைத்தார்கள். நல்ல தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்துக் கிடந்த ஊரில் அது பெரிய காரியம். ஆனாலும் குடம் நிறைந்து வீடு திரும்புகிறபோது அவர்கள் பேசியது வேறு. அவர் கூரையில் விழுந்த மழை அவர் வீட்டுக்குப் போகவில்லை, சரி, அப்படியானால் நம் வானத்து மழையை இழுத்துக்கொண்டுதானே அங்கே விழுந்தது என்றார்கள். தெற்கே மானாவாரியில் பருத்தி போட்டிருந்தவர் தன் நிலத்துக்கு வந்துகொண்டிருந்த மேகம் சொர்ணவேலின் பெட்டியைப் பார்த்து வழிமாறியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். உப்பளச் சங்கத்துத் தலைவர் மங்களராஜ் அண்ணாச்சி நேரில் வந்து, சங்கத்து அளங்களுக்கும் சிக்னலை நீட்டித் தரவேண்டும் என்று நயமாகக் கேட்டார். சொர்ணவேல் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது என்று அண்ணாச்சி அன்றிலிருந்து அவரைச் சந்தேகப்பட்டார், அண்ணாச்சி ஏன் நயமாகக் கேட்டார் என்று சொர்ணவேல் அண்ணாச்சியைச் சந்தேகப்பட்டார். அந்த ஆண்டில் கோரைத்தரவையில் மழைக்குப் பதிலாக எல்லார்மீதும் ஒரே மாதிரி விழுந்தது அந்தச் சந்தேகம்தான்.

சொர்ணவேல் இதில் எதிலும் மனதைச் செலுத்தவில்லை. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், பெண்கள் கொட்டகை நிழலில் காலை நீட்டியிருக்கிற வேளையில், தவசி அந்தச் சின்னத் திரைக்குள் வருவான். வெறுங்காலோடு வருவான்; வரப்பைத் தாண்டித் தெப்பத்துக் கரையில் ஏறி, தன் வீட்டுக்குள் நடக்கிறவன்போலக் கூச்சமில்லாமல் இப்படியும் அப்படியும் நடப்பான்; ஓரிடத்தில் நின்று, கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, முழங்கை வரைக்கும் கையை எதற்குள்ளோ விடுவான்; வெகுநேரம் கழித்து எழுந்து கையைத் தெப்பத்து நீரில் அலம்பிவிட்டுப் போவான். தினமும் இதே. முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒரு மனிதனின் முதுகை அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்தால் அது என்ன வேண்டுமானாலும் சொல்லும்; சொர்ணவேலுக்கு அது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது.

இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், தெப்பத்தில் நீர் குறைவது நின்றுபோயிருந்தது. வெயில் குடித்ததுபோக, கரிக்கோட்டை ஒட்டியே நீர் நின்றது. திருட்டு நின்றுவிட்டது என்று வேறொருவராக இருந்தால் நிம்மதி அடைந்திருப்பார். கேமராவைப் பார்த்துவிட்டான், அதனால் ஏதோ புதுவழி வைத்திருக்கிறான் என்று சொர்ணவேல் முடிவு செய்தார். தாம் உண்மையைத் தேடுகிறோமா, அல்லது தாம் நினைத்தது சரியென்று ஆகவேண்டும் என்பதற்காகத் தேடுகிறோமா என்று அவருக்கே சில வேளை ஓர் ஐயம் எழும். எழுந்த கையோடு, அந்த ஐயத்தையும் தவசிதான் தமக்குள் எப்படியோ விதைத்திருக்கிறான் என்று தோன்றும். ஒருநாள் மத்தியானம் அவரே நேரில் போனார். தூரத்தில் அவர் தலையைக் கண்டதும் தவசி எழுந்து தன் பக்கத்துக்குப் போய்விட்டான். அவன் குந்தியிருந்த இடத்தில் வரப்பு மண்ணில் உள்ளங்கை அளவுக்கு ஈரக் களிமண் அப்பியிருந்தது, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்கும் தள்ளி இன்னொன்று. திறக்காமல் எதற்கு மூடவேண்டும் என்று தம்மையே கேட்டுக்கொண்டு வீடு வந்தார்.

சந்திரகனி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள்.

"நேரா போயி என்னலே செய்யுதன்னு கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா உண்மையச் சொல்லிருவானா?"

"சொன்னா நீங்க நம்பிருவியளா?"

அவர் கைபேசியை எடுத்துக்கொண்டார். கேமராவில் பேசுகிற வசதியும் உண்டு, ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு இங்கே பேசினால் அங்கே கேட்கும் என்று நெல்சன் முன்பே காட்டிக் கொடுத்திருந்தான். அந்தப் பொத்தானின் மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு சொர்ணவேல் எத்தனையோ மத்தியானங்கள் உட்கார்ந்திருக்கிறார், அழுத்தியதில்லை. முதல் வார்த்தை என்னவாக இருக்கவேண்டும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

புரட்டாசி பிறந்ததும் மற்ற அளங்களில் வேலை ஓய்ந்தது. விளைந்ததை அம்பாரமாகக் குவித்துப் பனையோலை வேய்ந்து மூடி, வந்த லாரிக்கு ஏற்றிவிட்டு, மழைக்காலத்துக்கு வீட்டில் அடைந்துகொள்வது அந்த ஊரின் ஒழுங்கு. சொர்ணவேலின் அளத்தில் மட்டும் உப்பு விளைந்துகொண்டேயிருந்தது. சித்திரையில் எல்லாருடைய உப்பும் போன பிறகு அவருடைய உப்புக்கு ஏக மரியாதை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இன்னும் மரியாதை கூடும் என்று மாதக்கணக்காக விற்காமல் குவித்து, கொட்டகையைவிட உயரமாக ஓர் அம்பாரம் எழுப்பியிருந்தார். அதற்கு ஓலை வேயவில்லை. வீட்டுக்குள் இருக்கிற பொருளுக்கு எதற்கு இன்னொரு கூரை. அந்த வருஷத்து உழைப்பு முழுக்க, அதற்கு முந்தின வருஷத்து நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டியது முழுக்க, அந்த ஒரே குவியலில் வெள்ளையாக நின்றது. அது போனால் இளவயதில்போல அடுத்தவன் அளத்தில் பலகை பிடிக்கப் போகவேண்டியதுதான்.

அந்தக் குவியலைக் காக்கிற வீட்டின் நடுத்தூண் தம்பியின் மாடியில் நிற்கிறதே என்று அவருக்கு உறக்கம் போயிற்று. பெட்டியின் ஒயரை அவன் ஒருநாள் பிடுங்கினால் போதும். நெல்சனைக் கூப்பிட்டு, தவசி வீட்டைத் தொடாமல் அளத்துக்கு மட்டும் சிக்னல் போக வழி உண்டா என்று கேட்டார். தட்டுமாதிரி ஓர் ஆன்டெனா இருக்கிறது, விளக்கைக் கைக்குள் பொத்தி ஒரே பக்கமாகக் காட்டுகிற மாதிரி அடிக்கும், இங்கே ஒன்றும் அங்கே ஒன்றும் வைத்தால் நடுவில் யாரும் வேண்டியதில்லை என்றான் நெல்சன். அங்கே போன பிறகு வரப்போடு நிற்குமா, அந்தப் பக்கம் ஒழுகாமல் என்று கேட்டார். நெல்சன் தலையைச் சொறிந்தான்.

"கொறச்சு வச்சா நிக்கும் அண்ணாச்சி. ஆனா சிக்னலுக்கு அண்ணன் யாரு தம்பி யாருன்னு தெரியாது. நாமதான் பாத்து வைக்கணும்."

பார்த்து வைத்தார்கள். தவசியின் மாடியிலிருந்த பெட்டியை எடுத்துவர நெல்சன் போனபோது பாக்கியத்தாய் அதைத் துணியால் துடைத்துக் கையில் கொடுத்தாள். தவசி ஒன்றும் கேட்கவில்லை, வரப்பை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல் என்று சொல்லி அனுப்பினான். நெல்சன் அதை அப்படியே வந்து சொன்னான். சொர்ணவேல் அதை வாயில் போட்டு மென்று மென்று பார்த்தார். வரப்பைப் பார்த்துக்கொள் என்றால் என்ன அர்த்தம், இதுவரைக்கும் தொடவில்லை, இனிமேல் தொடுவேன் என்றுதானே அர்த்தம். மிரட்டுகிறான் என்று சந்திரகனியிடம் சொன்னார். கேமராவை வரப்பின் பக்கம் திருப்பி வைத்தார்.

வீடு ஒடுங்கிப்போயிற்று. மேற்கிலிருந்து கிழக்கே ஒரு நீண்ட நடைக்கூடம்போல, தம்பியின் வீட்டை ஒட்டிக்கொண்டு, அதைத் தொடாமல் போய், அளத்தில் சதுரமாக விரிந்து, வரப்பின் மேல் கோடு கிழித்ததுபோல நின்றது. தவசியின் வீட்டுப் பல்லிகள் இரண்டுநாள் குழம்பிவிட்டுத் தம் சுவருக்குத் திரும்பின. படம் நின்றுபோனதற்கு அவன் பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை என்று பாக்கியத்தாய் குழாயடியில் சொன்னாள், சொன்ன விதத்தில் சந்திரகனிக்கு அன்று தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து மத்தியானத்தில் தவசி வரப்பு வரைக்கும்தான் வந்தான். செருப்புப் போட்டுக்கொண்டு வந்தான். தன் பக்கத்தில் நின்று உள்ளே பார்ப்பான், பார்த்துவிட்டுப் போய்விடுவான். இப்போதும் என்ன பார்க்கிறான் என்று சொர்ணவேல் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முதன்முறையாக முகம் தெரிந்தது, ஆனால் பெரிதாக்கிய முகம் கட்டம் கட்டமாக உடைந்து, கடைசியில் எந்த முகமாகவும் இல்லாமல் போயிற்று. தெப்பத்தில் நீர் மறுபடி குறையத் தொடங்கியது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. விடிந்ததிலிருந்து விடாமல் பெய்தது. சொர்ணவேலின் அளத்தின் மேல் விழவேண்டிய மழை முழுவதும் அந்தச் சதுரத்தின் விளிம்புக்கு ஓடி, வரப்பின் மேல் திரைச்சீலையைத் தொங்கவிட்டதுபோல ஒரே தாரையாகக் கொட்டியது. தவசியின் பாத்திகள் குளமாகி, குளம் ஏறி, வரப்பின் கழுத்தைத் தொட்டது. உள்ளே அம்பாரம் காய்ந்த வெள்ளையாக நின்றது. வீட்டு நாற்காலியில் இருந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்த சொர்ணவேலின் கைபேசித் திரைக்குள், மழைத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், ஓர் உருவம் மண்வெட்டியோடு வந்து நின்றது. தலையில் சாக்குகூட இல்லை. தண்ணீர் அவன்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் வரப்பைப் பார்த்தான், மண்வெட்டியைப் பார்த்தான், பிறகு வாசற்படியில் நிற்கிறவன்போல உள்ளே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். உள்ளே வரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

வெட்ட வந்திருக்கிறான் என்று சொர்ணவேல் நினைத்தார். வெட்ட வந்தவன் ஏன் நிற்கிறான் என்றும் நினைத்தார். பெருவிரல் பொத்தானை அழுத்திவிட்டது.

"யாரு அங்க?"

யாரென்று அவருக்குத் தெரியும். வாயிலிருந்து வந்தது அதுதான், அத்தனை வருஷத்துக்குப் பிறகு. கம்பத்திலிருந்து வந்த குரலைக் கேட்டுத் தவசி தலையைத் தூக்கினான். கண்ணில் விழுந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தான்.

"வெளியாளுதான்," என்றான்.

மண்வெட்டியை வரப்பில் குத்தி வைத்துவிட்டு நடந்து, மழைக்குள் மறைந்துபோனான்.

போய்விட்டான் என்று சொர்ணவேலுக்கு ஒரு கணம் பெருமூச்சு வந்தது. அந்த மூச்சு முடிவதற்குள், திரையில், வரப்பின் உட்பக்கத்தில் ஓரிடத்தில் நுரை கிளம்பியது. கொஞ்சம் தள்ளி இன்னோரிடத்தில். ஒரு நண்டு வெளியே வந்து, பக்கவாட்டில் நடந்து, காய்ந்த தரையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அது வந்த வளையிலிருந்து அதன் பின்னாலேயே தண்ணீர் வந்தது.

அவர் மோட்டார்சைக்கிளில் போனார். நீண்ட வீட்டின் நடையெல்லாம் தூசி பறந்தது, இருபக்கமும் மழை, அவர்மேல் ஒரு துளி இல்லை. அளத்தில் இறங்கியபோது தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. அம்பாரத்தின் உச்சி அப்படியே இருந்தது, அடி கரைந்துகொண்டிருந்தது, உச்சி மெல்ல, உட்காருகிற கிழவனைப்போல, தாழ்ந்துகொண்டே வந்தது. வரப்பின் ஓரமாக ஓடினார். அவர் தெப்பத்துக் கரையின் நெடுகிலும், அவருடைய வரப்பின் நெடுகிலும், உள்ளங்கை உள்ளங்கையாகக் களிமண் அப்பி இறுகிப்போயிருந்தது. ஒவ்வோர் அப்பலிலும் நாலு விரல் அழுந்திய தடம். அத்தனையும் கெட்டியாக நின்றன. ஒழுகியவை புதிய வளைகள், பெட்டியை இறக்கிய பிறகு நண்டுகள் தோண்டியவை, யாரும் கைவிட்டுப் பார்க்காதவை.

அவர் களிமண்ணை அள்ளி வளைக்குள் அடைத்தார். தண்ணீர் அதைத் துப்பியது. மறுபடி அடைத்தார், மறுபடி துப்பியது. நீர் வருகிற பக்கத்திலிருந்து அடைக்காமல் நீர் போகிற பக்கத்திலிருந்து அடைத்தால் நிற்காது என்பது உப்பளத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே உட்பக்கத்தில் குனிந்து குனிந்து அடைத்துக்கொண்டிருந்தார். "தவசி" என்று கூப்பிட்டார். அறைக்குள் கூப்பிட்டதுபோல அது சுவரில்லாத சுவர்களில் மோதி அவரிடமே திரும்பி வந்தது.

பிறகு வரப்பில் ஏறி, குத்தியிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, தாரையைத் தலையால் கிழித்து அந்தப் பக்கம் இறங்கினார். ஒரு வருஷத்து மழை மொத்தமும் அவர் முதுகில் விழுந்ததுபோலிருந்தது. தம்பியின் பாத்தியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, களிமண்ணை வெட்டி எடுத்து, குனிந்து, தண்ணீருக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் தடவி, உறிஞ்சுகிற இடம் விரலில் பட்டதும் மண்ணை வைத்து அழுத்திப் பிடித்தார். அது நின்றது.

கடைசி வீட்டின் பின்வாசலில் பாக்கியத்தாய் சாக்கைத் தலைக்கு மேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நின்றாள். மழையில் அவளுக்கு உருவம் தெரிந்ததே தவிர ஆள் தெரியவில்லை. உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"ஏங்க, நம்ம வரப்புல ஒருத்தன் முதுகக் காட்டிக் குனிஞ்சு என்னமோ செய்யுதான். தண்ணிக்குள்ள கைய விட்டிருக்கான். வந்து என்னன்னு பாருங்க."

சொர்ணவேலுக்கு அது நன்றாகக் கேட்டது. நிமிர்ந்து, நான்தான் என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம், வளையை அடைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் இடத்தில் நின்று வேறொருவன் அப்படிச் சொல்லியிருந்தால் தாம் நம்பியிருப்போமா என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை; இன்னும் கொஞ்சம் குனிந்து, அடுத்த வளை எங்கே என்று விரல்களால் தேடினார்.